குளத்தில் இறக்கிவிடுவார் யார்?

எருசலேம் நகரின் ஆட்டுவாசலருகே பெதஸ்தா என்னும் குளம் ஒன்று இருந்ததென்றும், அதனைச் சூழ்ந்த ஐந்து மண்டபங்களிலே குருடரும் முடவரும் பிற நோயாளருமாகத் திரளானோர் படுத்துக் கிடந்தனரென்றும் யோவான் எழுதிய சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரம் கூறும். அங்கே 38 ஆண்டுகள் நோயுற்றிருந்த ஒருவனை நோக்கி, ‘சுகமாக விரும்புகின்றாயோ’ என்னும் கருத்துப்பட இயேசு பெருமான் வினவினார். அவன் ‘ஆம்’ என்றும் கூறினானல்லன். ‘அன்று’ என்றும் கூறினானல்லன். நீர் கலங்கும் வேளையில் தன்னைக் குளத்தில் இறக்கிவிடுவார் ஒருவரும் இலர் என்றும், தான் தட்டுத் தடுமாறிச் செல்வதற்குள் வேறொருவன் முந்திக்கொள்கின்றான் என்றும் முறையிட்டான். சிறுமியாயிருந்து ஞாயிற்றுப் பள்ளியில் இவ்வரலாற்றைக் கேட்ட நாளில், வினாவொன்றிருக்க வேறு விடை பகர்ந்த அம்மனிதன்மேல் எனக்குச் சிறிது சினமே உண்டாயிற்று. இப்பொழுதோ அவன் கூறியதே நேரான விடை என்று எண்ணுகின்றேன். என் எண்ணத்தை மாற்றியவை என் பாட்டியாரின் முழங்கால்கள்.

எங்கள் இல்லம் புதுச்சேரி நகரையடுத்த மூலக்குளத்தில் உள்ளது. வில்லியனூர்ச் சாலையில் ரெட்டியார்பாளையத்தைக் கடந்து செல்வார் அவ்வூரை அறிவர். பாட்டியார்க்கு இப்பொழுது அகவை 72. யான் பிறந்த காலத்தையொட்டி, 2006-ஆம் ஆண்டில், சிக்குன்குனியாக் காய்ச்சல் நம் நாட்டிற் பரவியபோது அவரும் அதற்கு ஆளானார். காய்ச்சல் சில நாளில் நீங்கிற்று. மூட்டு வலி நீங்கவில்லை. பின்னர் முதுமையால் வரும் மூட்டுத் தேய்வும் அதனோடு சேர்ந்துகொண்டது. முன்பெல்லாம் திருவிருந்துக்கு முதல் வரிசையில் முழந்தாளிடுபவர், இன்று ஆலயத்தின் கடைசியில் நெகிழி நாற்காலியொன்றில் அமர்ந்திருக்க, ஆயர் அவரை நாடி இறங்கி வருகின்றார். வலியினும் இதுவே தமக்குப் பெரிதும் நாணந் தருகின்றதென்று அவர் ஒருமுறை என்னிடம் கூறினார்.

அவரைப் பார்த்த இயன்முறை மருத்துவர் அம்மையார் முதலில் தரையிற் செய்யும் பயிற்சிகளையே கற்பித்தார். நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி மடக்குதல், சுவரைப் பற்றி எழுந்து நிற்றல் முதலியன அவை. பாட்டியார் இரண்டு நாள் செய்தார். மூன்றாம் நாள் வீக்கங் கண்டு விட்டுவிட்டார். அப்பொழுது அவ்வம்மையார், “மார்பளவு வெதுவெதுப்பான நீரில் நின்று இவற்றையே செய்தால் தாங்குவார், அதற்கு வழியுண்டாயின் பாருங்கள்” என்றார். வழியுண்டாயின் என்ற சொல்லின் பொருளை அன்று யான் அறிந்திலேன்.

நீரினுள் நோவு குறைவது எங்ஙனம் என்பதை முதலிற் கூறிவிடுதல் வேண்டும். ஏனெனில் பலர் இதனை ஏதோ நீரின் மந்திர ஆற்றல் என்றே கருதுகின்றனர். ஆர்க்கிமிடீசு கண்ட உண்மையே இதற்கு அடிப்படை. நீரில் மூழ்கிய பொருள், தான் விலக்கிய நீரின் எடையளவு தன் எடையை இழந்தாற்போல் மிதக்கத் தலைப்படும். இடுப்பளவு நீரில் நிற்பவர் கால்களிற் சுமையாக நிற்பது உடலெடையில் ஏறக்குறையப் பாதியே. மார்பளவில் மூன்றிலொரு பங்கு. கழுத்தளவில் பத்திலொரு பங்கு. 70 கிலோ எடையுள்ள என் பாட்டியார் மார்பளவு நீரில் இறங்குவாராயின், அவர் முழங்கால்கள் ஏழெட்டு வயதுக் குழந்தை ஒன்றின் எடையையே தாங்குகின்றன. தரையிற் படியேறுங்கால் முழங்காலில் விழும் அழுத்தம் உடலெடையைப்போல் இருமடங்கு, மும்மடங்கு என்பதையும் உடன் வைத்தெண்ணினால் இதன் பயன் விளங்கும்.

நீரின் இரண்டாம் உதவி அதன் அழுத்தம். ஆழம் மிகுந்தோறும் அழுத்தமும் மிகும். ஆகவே கணைக்காலிலே மிகுதியாகவும் மேலே செல்லச் செல்லக் குறைவாகவும் நீர் நாற்புறமும் நெருக்கி நின்று, காலில் தேங்கிய வீக்கத்தை மேலே தள்ளுகின்றது. வெப்பம் மூன்றாவது. 33 முதல் 35 பாகை வரை, அஃதாவது உடற்சூட்டினுஞ் சற்றே குறைந்த வெப்பமுள்ள நீரில் இறுகிய தசைகள் தளர்கின்றன. இவை எல்லாவற்றினும் எனக்கு வியப்பளிப்பது நீரின் எதிர்ப்பு. மெல்ல அசைத்தால் நீர் மெல்ல எதிர்க்கும். வேகத்தை இருமடங்காக்கினால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அசைவை நிறுத்தினாலோ எதிர்ப்பும் உடனே நின்றுவிடும். இரும்புக் குண்டைத் தூக்குபவன் களைத்துப் போனாலும் குண்டு களைப்பதில்லை. நீரோ நோயாளியின் வலியறிந்து நடக்கும் ஆசிரியரை ஒத்தது. விழுந்தாலும் மெல்லவே விழுவோம் என்னும் துணிவு வேறு. ஒருமுறை விழுந்து எலும்பு முறிந்த முதியோரை நடக்கவொட்டாமல் தடுப்பது வலியினும் அச்சமே.

நம் நாட்டில் நீர் மருத்துவம் என்றவுடன் காந்தியடிகள் மேற்கொண்ட கூனே என்பாரின் இடுப்புக் குளியலைப் பலர் நினைப்பர். அது வேறு; இது வேறு. அங்கே நோயாளி தொட்டியில் அமர்ந்திருப்பார். இங்கே அவர் நீரில் உழைத்தல் வேண்டும். இம்முறையை உலகறியச் செய்தவருள் ஒருவர் அமெரிக்க நாட்டின் குடியரசுத் தலைவராயிருந்த பிராங்க்ளின் ரூசுவெல்ட். 1921-ஆம் ஆண்டில், தம் 39-ஆம் அகவையில், இளம்பிள்ளை வாதத்தால் அவர் கால்கள் செயலற்றன. 1924-இல் ஜார்ஜியா மாகாணத்து வார்ம் ஸ்பிரிங்சு என்னும் ஊரின் வெந்நீர் ஊற்றுக் குளத்தில் இறங்கியபோது, தரையில் நிற்கவியலாத அவர் நீரில் நிற்கவும் கால் பெயர்க்கவும் கண்டார். 1926-இல் அவ்விடத்தை விலைக்கு வாங்கி, தம்மைப்போன்ற பிறர்க்கும் அதனைத் திறந்துவிட்டார். ஆனால் அவர் கால்கள் மீளவேயில்லை என்பதை மறைத்தலாகாது. துணையின்றி நடக்கும் ஆற்றலை அவர் இறுதிவரை பெற்றிலர். 1949-இல் இலண்டன் நகரின் ஹாலிவிக் பள்ளியில் உடற்குறையுள்ள பெண்பிள்ளைகட்கு ஜேம்சு மக்மில்லன் என்னும் பொறியியலாளர் மிதவைகள் ஏதுமின்றி நீரில் உடலைச் சமன் செய்யக் கற்பித்த முறை, இன்று பல நாடுகளிற் பயிலப்படுகின்றது.

ஆகவே நீர்ப் பயிற்சி நோயைத் தீர்க்குமென்று யான் வாதிக்க வரவில்லை. இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வுடையார் 1190 பேரைக்கொண்டு நிகழ்ந்த 13 ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் காக்ரேன் நிறுவனம் வெளியிட்ட முடிவு, நீர்ப் பயிற்சியால் வலியும் இயலாமையும் சிறிதளவு, குறுகிய காலத்திற்குக் குறைகின்றன என்பதே. சிறிதளவு, குறுகிய காலம் என்னும் இரு சொற்களையும் படித்தபோது எனக்கு மனம் சோர்ந்தது உண்மை. பின்னர் எண்ணிப் பார்த்தேன். தரையில் நன்றாக நடக்க வல்லவர் தரையிலேயே நடக்கலாம். அவருக்கு நீர் தேவையில்லை. தரையிற் செய்யவே இயலாதவர்க்கு நீரிற் கிடைக்கும் சிறிதளவு என்பது, இல்லாமைக்கும் உண்மைக்கும் இடையேயுள்ள தொலைவு. ஆறாத புண், காய்ச்சல், அடங்காத வலிப்பு, முற்றிய இதயத் தளர்ச்சி இவையுடையார் நீரில் இறங்கலாகாது என்பதையும் மருத்துவர் வற்புறுத்துவர்.

இனி வழி தேடிய கதை. நகரில் நீச்சற்குளம் ஒன்றற்கு யானும் என் தாயாரும் பாட்டியாரை அழைத்துச் சென்றோம். அதன் பெயர் வேண்டா. இறங்குதற்கு அங்கே சுவரோடு பொருத்திய இரும்பேணி ஒன்றே இருந்தது. நேராக நிற்கும் அவ்வேணியில் முழங்கால் மடங்காதவர் எங்ஙனம் இறங்குவது? பெண்டிர்க்கென ஒதுக்கிய நேரம் காலை ஒருமணி. அப்பொழுது நீர் மிகவும் குளிர்ந்திருந்தது. சேலையுடன் இறங்கலாகாது, நீச்சலுடையே அணிதல் வேண்டும் என்றும் விதி. நூற்பஞ்சு இழைகள் நீர் துப்புரவாக்கும் பொறியை அடைத்துவிடும் என்பது அதற்குக் காரணம், காரணம் நியாயமானதே. ஆயினும் எழுபதைக் கடந்த தமிழ்ப் பெண்மணியொருத்தி முதன்முறையாக அவ்வுடையை உடுத்தி அயலார்முன் நிற்பதென்பது, அவ்வேணியினும் செங்குத்தான மற்றோர் ஏணி. காவலர் பணிவாகவே பேசினார். “ஏணி எறங்க முடியாதவங்களுக்கு நாங்க பொறுப்பு ஏத்துக்க முடியாதும்மா” என்றார். வீடு திரும்பும்வரை பாட்டியார் ஒன்றும் பேசவில்லை.

சில திங்கள் கழித்துப் பாகூர்ப் பக்கத்தில் உறவினர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவர்கள் கழனியில் ஆழ்துளைக் கிணற்று நீர் விழும் தொட்டியொன்று உண்டு. ஆழத்திலிருந்து வரும் நீராதலால் காலையில் இளஞ்சூடாகவே இருக்கும். மாமன்மார் இருவர் பாட்டியாரை நாற்காலியோடு தூக்கித் தொட்டிச் சுவர்மேல் அமர்த்தினர். யான் முன்னரே உள்ளே இறங்கி நின்று அவரைத் தாங்கிக்கொண்டேன். சேலை நீரில் மிதந்தது. அங்கே அதனைத் தடுப்பார் இலர். முதலில் என் தோளை இறுகப் பற்றியிருந்தார். பின்னர் ஒரு கையை விட்டார். பின்னர் மற்றதையும் விட்டுத் தொட்டியின் குறுக்கே நான்கடி நடந்தார். அவர் கூறியதை அவர் கூறியவாறே எழுதுகின்றேன், தமிழாசிரியர் பொறுப்பாராக: “இது என் காலு மாதிரியே இல்ல கண்ணு, கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த காலு.” இயன்முறை மருத்துவர் எழுதித் தந்த பயிற்சிகள் ஐந்தையும் பத்துப் பத்து முறை செய்தார். மேலேற்றுதற்கு மீண்டும் மாமன்மார் இருவரும் வேண்டியிருந்தது. மாலையில் வலி திரும்பிற்று; ஆனால் அன்றிரவு அவர் மருந்துண்ணாமலே உறங்கினார்.

பெதஸ்தாவின் மனிதனை யான் நினைத்துக்கொண்டது அத்தொட்டியில் நின்றபோதுதான். நீர் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றது. நீரைப்பற்றிய அறிவும் இருக்கின்றது. நீருக்கும் நோயாளிக்கும் இடையே உள்ள நான்கடிச் சுவரையே எவரும் எண்ணிப் பார்த்திலர்.

புதுச்சேரி இவ்வகையில் வறிய ஊரன்று. பிரெஞ்சுக்காரர் 1823-இலேயே மருத்துவப் பள்ளி நிறுவிய நகரம் இது. அதன் வழிவந்ததே இன்று கோரிமேட்டிலுள்ள ஜிப்மர். ஆரோவில்லைச் சார்ந்த கடற்கரை நலநிலையம் ஒன்றில் வெதுவெதுப்பான நீர்த் தொட்டியில் ஒருவரை மிதக்கவிட்டு, பயிற்சி பெற்றவர் அவருடலை அசைத்துத் தளர்த்தும் வாட்சு என்னும் முறை கையாளப்படுகின்றது. கலிபோர்னியாவிலே ஹெரால்டு டல் என்பார் வகுத்தது அது. அது நன்று. ஆயின் பிறர் அசைக்கத் தாம் மிதத்தல் வேறு, வாரம் மும்முறை தாமே நீரில் நடந்து தசையை வலுவாக்கல் வேறு. பின்னதற்கு மூலக்குளத்து முதியவள் பேருந்தில் வந்து இறங்கத்தக்க குளமொன்று எம் வட்டாரத்தில் இருக்க யான் கண்டிலேன்.

நீரைப்பற்றிய நன்றியும் இந்நகருக்குப் புதிதன்று. பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபம் யாருக்காக எழுந்தது? தன் மாளிகையை இடித்து மக்கட்குக் குளம் தோண்டிய ஆயி என்னும் கணிகையின் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எடுக்கப்பட்டதென்பர். நகருக்கு அன்று நீர் வந்த முத்திரையர்பாளையம் எம் மூலக்குளத்திற்கு அண்மையிலேயே உள்ளது. இடையே ஒரு வியப்பு: பெதஸ்தாக் குளத்தின் எச்சங்கள் காணப்படும் எருசலேமின் புனித அன்னாள் கோயில் வளாகத்தை, 1856-இல் துருக்கிச் சுல்தான் பரிசாக அளித்ததும் அதே மூன்றாம் நெப்போலியனுக்கே. ஒரே அரசன் பெயர் இரண்டு குளங்களோடும் இணைந்திருப்பதால் விளையும் பயன் ஒன்றுமில்லை. எனினும் அறிந்தபோது மகிழ்ந்தேன்.

தண்ணீர்ப் பஞ்சமுள்ள நாட்டில் இவ்வீண் செலவு எதற்கு என்பாரும் உளர். கணக்கிட்டுப் பார்ப்போம். 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழமுள்ள தொட்டி எட்டுப் பேர் ஒருங்கே பயிலப் போதுமானது. அது கொள்ளும் நீர் 28,800 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் இரண்டரை லாரிக்கும் குறைவு. அந்நீரை நாடோறும் மாற்றுவதில்லை. வடிகட்டி, குளோரின் இட்டு, மீண்டும் மீண்டும் பயன்படுத்துவர். ஆவியாய்ப் போவதையும் வடிகட்டியைக் கழுவச் செலவாவதையும் ஈடு செய்தாற் போதும். வெப்பச் செலவு பற்றி அஞ்சுவார்க்கு நம் கதிரவனே விடை கூறுவான். குளிர்நாட்டில் 10 பாகை நீரை 34 பாகைக்கு உயர்த்த, இத்தொட்டிக்கு ஏறக்குறைய 800 யூனிட் மின்சாரம் வேண்டும். இங்கே குழாய் நீரே 29 பாகை அளவில் வருகின்றது. எஞ்சிய 5 பாகைக்கு 170 யூனிட்டுக்கும் குறைவே. அதனையும் கூரைமேல் வைக்கும் சூரிய வெப்பக் கலங்களால் பெரும்பாலும் பெறலாம். இரவில் மூடியிட்டால் வெப்பம் எளிதில் ஓடாது. வெந்நீர்க் குளம் குளிர்நாட்டார்க்கே உரிய ஆடம்பரம் என்று எண்ணியிருந்தோம். உண்மையில் அது நமக்கே மலிவு.

மற்றொரு மறுப்பு வாய்விட்டுக் கூறப்படுவதில்லை, முகங்களில் எழுதியிருக்கும். இத்துணை அகவையானவர் இனி நடந்துதான் என்ன என்பது அது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மேரி வர்கீஸ் அம்மையாரை நம்மிற் பலர் அறிவர். 1954-இல் நேர்ந்த வண்டி விபத்தில் இடுப்பின்கீழ் உணர்விழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளர் கைகட்கு அறுவை செய்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையத்தைத் தோற்றுவித்தார். மறுவாழ்வு என்னும் சொல் நோய்க்கு முன்னிருந்த நிலைக்குத் திரும்புதலைக் குறிப்பதன்று. எஞ்சிய ஆற்றலைக்கொண்டு தன் செயலைத் தானே செய்தலைக் குறிப்பது. என் பாட்டியார் விரும்புவதும் மலையேறுதல் அன்று. திருவிருந்து மேசைவரை நடத்தல்.

ஆகலின், உழவர்கரை நகராட்சியும் அரசும் ஊர்தோறும் பெரிய நீச்சற்குளம் கட்டுதல் வேண்டுமென்று யான் கேட்கவில்லை. அரசு மருத்துவமனை ஒன்றைச் சார்ந்து இத்தகைய சிறு தொட்டி ஒன்று போதும். ஓரடி உயர்வுக்குப் பன்னிரண்டடி நீளமாகச் சாய்ந்த பாதை, இருபுறமும் கைப்பிடி, நடக்கவே இயலாதாரை இறக்க ஒரு தூக்கு நாற்காலி, பெண்டிர்க்கு மட்டும் வாரத்தில் மூன்று நாள், அவரைப் பயிற்றப் பெண் இயன்முறை மருத்துவர், உடலை மறைக்கும், இழை உதிராத முழுவுடை அங்கேயே வாடகைக்கு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுவிடங்கள் அனைத்தும் அவர்கள் புகத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்கின்றது. வாயிலில் ஒரு சாய்தளம் வைத்து அதனோடு கடமை முடிந்ததென்று கருதுகின்றோம். நீருக்குள்ளும் ஒரு சாய்தளம் வேண்டும் என்பது ஏனோ நினைவுக்கு வருவதில்லை. நம் பழைய மாணவருட் பொறியாளரும் மருத்துவரும் நகராட்சிப் பணியில் உள்ளாரும் பலர். இக்கட்டுரை அவர்கள் கண்ணிற் படுமென்றே இதனை எழுதத் துணிந்தேன்.

சென்ற பொங்கல் விடுமுறையில் மீண்டும் பாகூர் சென்றோம். மூத்த மாமன் எங்களிடம் ஒன்றும் கூறாமலே தொட்டியின் வெளிப்புறம் நான்கு படியும் உட்புறம் மூன்று படியும் செங்கல்லாற் கட்டிவைத்து, பழைய குழாய் ஒன்றைக் கைப்பிடியாகப் பதித்திருந்தார். கொத்தனார்க்கு ஒரு நாட் கூலி, இரண்டு மூட்டை சிமெண்டு. மணலும் கல்லும் வீட்டிலேயே இருந்தன. உட்படிகளுள் கடைசிப் படி சற்று உயரம். அங்கே மட்டும் என் கையைப் பற்றிக்கொண்டு, மற்றப் படிகளிற் பாட்டியார் தாமே இறங்கினார்.